விளக்குமாற்றுக்கும் ஒரு அருங்காட்சியகம்: சின்ன மியூசியங்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: “பயணம் போன இடங்களில் பெரிய அருங்காட்சியகங்கள் சிலவற்றைப் பார்த்தாயிற்று. வெளியே வந்தால் கால்வலிதான் மிச்சம். பார்த்தது எதுவும் மனதில் நிற்பதில்லை. பென்சிலுக்கு ஒன்று, குடற்புழுவுக்கு ஒன்று, விளக்குமாற்றுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன மியூசியங்கள் இருக்கின்றனவாமே, அவற்றுக்குப் போவதில் பலன் உண்டா? போனால் எதை, எப்படிப் பார்ப்பது?”

பலன் உண்டு. நிறையவே உண்டு. ஆனால் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகும் அதே மனநிலையோடு போனால், பத்தே நிமிடத்தில் “இவ்வளவுதானா?” என்று திரும்பிவிடுவீர்கள். பெரிய இடத்தில் பொருள்தான் முக்கியம். அதன் பழமை, விலை, அதைச் செய்தவரின் பெயர் எல்லாம் சேர்ந்து நம்மை நிற்க வைக்கும். சின்ன இடத்தில் பொருள் பெரும்பாலும் சாதாரணமானது. அதைக் குப்பைக்குப் போகவிடாமல் யாரோ ஒருவர் எடுத்து வைத்தாரே, அவர் யார், ஏன் எடுத்து வைத்தார் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஒரே ஒரு அறை உங்களை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துவிடும்.

முதலில் அந்தக் கால்வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் குறை இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ல் ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவரைக் காட்சிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, பொருள்களை நன்றாகப் பார்த்துச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் குனிந்தும், மண்டியிட்டும், எட்டிப் பார்த்தும் படுகிற பாட்டைப் படம் பிடித்தார். பெட்டிகளை வைத்திருந்த விதமே உடம்பைக் களைக்க வைக்கிறது என்று காட்டினார். நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு கலைப்படைப்பின் முன் அவர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி. ஆயிரம் பொருள் எதிரே இருந்தால் வேறு எப்படிப் பார்க்க முடியும்? அடுத்தது, அடுத்தது என்று கால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சின்ன இடத்தின் முதல் வசதி, அது முடிந்துபோகும் என்பது. இரண்டு அறை, மூன்று அறை, சில இடங்களில் ஒரு மாடிப்படியும் ஒரு நடையும் மட்டும். அதனால் நான் பழகிக்கொண்ட முறை இது. முதல் சுற்றில் எதையும் படிக்காமல் முழுவதையும் மெதுவாக நடந்து பார்த்துவிடுவேன், பத்து நிமிடம் போதும். எந்தப் பொருள் கண்ணை இழுத்ததோ அதை மனதில் குறித்துக்கொள்வேன். இரண்டாவது சுற்றில் அந்த மூன்று நான்கு பொருள்களிடம் மட்டும் திரும்பிப் போய் நிற்பேன். மற்றதை விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று யாரும் நமக்குக் கட்டளை போடவில்லை.

சரி, குடற்புழு. தோக்கியோவின் மெகுரோ பகுதியில் இருக்கும் ஒட்டுண்ணி அருங்காட்சியகத்தை சதோரு கமேகாய் என்ற மருத்துவர் 1953-ல் தொடங்கினார். சுமார் 60,000 மாதிரிகள் சேமிப்பில் உண்டு, பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 300. அங்கே போகிற எல்லோரும் பேசுவது 8.8 மீட்டர் நீளமுள்ள ஒரு நாடாப்புழுவைப் பற்றித்தான். ஒரு மனிதரின் வயிற்றிலிருந்து வந்தது. மடித்து மடித்துக் கண்ணாடிக்குள் வைத்திருப்பதால் அதன் நீளம் நமக்கு உறைப்பதில்லை. எண்ணைப் படித்தாலும் அது எண்ணாகவே நின்றுவிடுகிறது. அதனால் பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு ரிப்பனைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துப் பிரித்துக்கொண்டே போகலாம். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருக்கும்.

அந்த ரிப்பன் எனக்கு மிகவும் பிடித்த காட்சிப் பொருள்களில் ஒன்று. கடையில் கிடைக்கிற ஒரு துணித்துண்டு, தனியாக எடுத்தால் அதற்கு மதிப்பே கிடையாது. ஆனால் பார்க்க வந்தவருக்கு இது எப்படிப் புரியும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சின்ன மியூசியங்களில் திரையும் ஒலி ஒளி அமைப்பும் வாங்கப் பணம் இருக்காது. அதனால் இப்படிப்பட்ட யோசனைகள் அங்கே அதிகம் கண்ணில் படும். போகும் இடத்திலெல்லாம் இதைத் தேடிப் பாருங்கள்: புரிய வைப்பதற்காகக் கையால் செய்து வைத்தது என்ன இருக்கிறது? ஒரு அட்டை மாதிரி, கயிறு கட்டிய ஒரு பூதக்கண்ணாடி, திறந்து பார்க்கும் இழுப்பறை. அங்கேதான் அந்த இடத்தின் உயிர் இருக்கும்.

இனி, ‘யார், ஏன்’ என்ற கேள்விக்கு வருகிறேன். புனேயில் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ மன்னர் வைத்தது போலத் தோன்றும். ஆனால் ராஜா என்பது ஒரு சிறுவனின் பெயர். தினகர் கேள்கர் என்பவரின் மகன் அவன், சிறு வயதிலேயே இறந்துவிட்டான். அவன் நினைவாகத் தன் சேகரிப்புக்கு அவன் பெயரை வைத்தார். 1920-களில் தொடங்கியவர், 1960 வாக்கில் ஏறக்குறைய 15,000 பொருள்களைச் சேர்த்திருந்தார். 1975-ல் அதை மகாராஷ்டிர அரசின் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தார். விளக்குகள், பாக்குவெட்டிகள், மைக்கூடுகள், கதவுகள், இசைக்கருவிகள் என்று எல்லாமே வீட்டில் புழங்கியவை. இன்று 20,000-க்கு மேல் இருக்கிறது என்றாலும் பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 2,500 மட்டும்தான்.

மகனின் பெயர் தெரியாமல் அந்தப் பாக்குவெட்டி வரிசையைப் பார்த்தால், ‘அழகாக இருக்கிறதே’ என்று நினைப்போம், அவ்வளவுதான். தெரிந்து பார்த்தால், ஒரு தகப்பன் ஆயுள் முழுக்கச் சேர்த்ததையெல்லாம் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்தது தெரியும். பாக்குவெட்டியில் எந்த மாற்றமும் இல்லை, பார்க்கிற நாம்தான் மாறிவிடுகிறோம். அதனால், போவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் இருந்தால், காட்சிப் பொருள்களைப் பற்றிப் படிக்காதீர்கள், தொடங்கியவரைப் பற்றிப் படியுங்கள்.

இன்னொருவரையும் சொல்லத்தான் வேண்டும். பிலடெல்பியாவில் மருத்துவர்கள் கல்லூரியின் மூட்டர் அருங்காட்சியகம் 1863 முதல் இருக்கிறது. அங்கே இழுப்பறை அடுக்கு ஒன்றில் ஊசிகள், பொத்தான்கள், நாணயங்கள், விளையாட்டுச் சாமான்களின் துண்டுகள், எலும்புச் சில்லுகள் என்று 2,374 பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் மனிதர்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்தவை. எடுத்தவர் ஷெவலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர். வாய் வழியே குழாய்க் கருவியை விட்டு உள்ளே பார்த்துப் பொருளை எடுக்கும் முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கருவிகளைத் தானே வடிவமைத்தார். எடுத்த ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து எப்படி எடுத்தது என்று குறிப்பும் எழுதி வைத்தார்.

முதலில் பார்ப்பவருக்கு இது ஒரு விசித்திரப் பழக்கமாகத்தான் படும். சற்று நின்று யோசித்தால் வேறொன்று புரியும். இது ஒரு மருத்துவரின் பாடப்புத்தகம். வளைந்த ஊசி எப்படிச் சிக்கும், திறந்த ஊக்கை எப்படி மூடி எடுப்பது என்று அடுத்த மருத்துவருக்குச் சொல்லித்தர அந்தப் பொருளே வேண்டும். அவருடைய அக்கறை அறுவை மேசையோடு நிற்கவும் இல்லை. வீடுகளில் துப்புரவுக்கு வைத்திருந்த காஸ்டிக் சோடா போன்ற கார ரசாயனத்தைக் குடித்துக் குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்துபோவதை அவர் தொடர்ந்து பார்த்தார். அந்தக் காலத்தில் டப்பாவில் எச்சரிக்கைகூட இருக்காது. ‘நஞ்சு’ என்று அச்சிட வேண்டும் என்று பல வருடம் போராடினார். 1927-ல் அமெரிக்காவில் அதற்கென்றே சட்டம் வந்தது. இப்போது அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது வெறும் பொத்தானா?

இப்படிப்பட்ட இடங்களுக்குப் பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் அதிகம். அதில் தவறில்லை, சிரிப்பு நல்ல வாசல்தான். டெல்லியில் சுலப் நிறுவனம் 1992-ல் அமைத்த கழிப்பறை அருங்காட்சியகம் அப்படித்தான். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சிம்மாசனத்துக்குள் இருந்த கழிப்பிடத்தின் மாதிரியைப் பார்த்துக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அதை அமைத்த பிந்தேஷ்வர் பாடக், மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1970-லிருந்து உழைத்தவர். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது அதுதான். கழிப்பறையைப் பற்றிப் பேசவே கூசும் சமூகத்தைப் பேச வைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழிகளில் இது ஒன்று. சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

விளக்குமாறு என்று கேட்டீர்கள். ராஜஸ்தானில் ஜோத்பூருக்கு அருகே மோகலாவாஸில் அர்ணா ஜர்ணா என்ற பாலைவன அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் கோமல் கோத்தாரியின் கனவு அது. அவர் 2004-ல் மறைந்தார். ராஜஸ்தானை அவர் மாவட்டம் மாவட்டமாகப் பார்க்காமல், கம்பு விளையும் பகுதி, சோளம் விளையும் பகுதி, மக்காச்சோளம் விளையும் பகுதி என்று பிரித்துப் பார்த்தவர். அந்தப் பார்வையில் விளக்குமாறு சாதாரணப் பொருள் இல்லை. அது எந்தப் புல்லால், எந்தச் செடியால் ஆனது என்று கேட்டால் மண் தெரிகிறது. யார் செய்கிறார்கள், யார் விற்கிறார்கள் என்று கேட்டால் சாதி தெரிகிறது, பிழைப்பு தெரிகிறது. வீட்டுக்குள் பெருக்குவது எது, வாசலுக்கு எது, எதை எங்கே மறைத்து வைப்பார்கள் என்று கேட்டால் நம்பிக்கைகள் தெரிகின்றன. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை முழுக்கக் கேட்டு முடிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எது, எதனால், யார், எப்போது, முடிந்தபின் என்ன ஆகும் என்ற ஐந்து கேள்விகளையும் எந்த மியூசியத்திலும் எந்தப் பொருளிடமும் கேட்கலாம்.

பென்சிலுக்கும் அது பொருந்தும். இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் இருக்கும் டெர்வென்ட் பென்சில் மியூசியத்தில், ‘எதனால்’ என்று கேட்டால் பக்கத்திலிருக்கும் பாரோடேல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே 16-ஆம் நூற்றாண்டில் தூய கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புப் பொருள், கிடைத்தது. மேய்ப்பர்கள் ஆடுகளுக்கு அடையாளம் போட அதைப் பயன்படுத்தினார்கள். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்குப் பூச அது உதவும் என்று தெரிந்ததும் சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். ‘யார்’ என்று கேட்டால் இரண்டாம் உலகப் போர்க் கதை வரும். விமானப்படையினர் எதிரி நாட்டில் சிக்கினால் தப்பி வருவதற்காக, உள்ளே சுருட்டிய வரைபடமும் ரப்பருக்குக் கீழே மிகச் சின்னத் திசைகாட்டியும் வைத்த பென்சில்களை இங்கே ரகசியமாகச் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பச்சை வண்ணம் பூசிய வெறும் பென்சில்.

இதுவரை சொன்னவை ஒருவர் அல்லது ஒரு தொழிற்சாலை சேர்த்தவை. ஒரு ஊரே சேர்ந்து உருவாக்கிய இடங்களும் உண்டு. என்னைக் கேட்டால், வாழ்நாளில் ஒரு சின்ன மியூசியம்தான் பார்க்க முடியும் என்றால் அப்படி ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்பு. பல நிறத்தவரும் பல மதத்தவரும் கலந்து வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11-ஆம் தேதி நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கான பகுதி என்று அறிவித்தது. அடுத்த வருடங்களில் 60,000-க்கு மேற்பட்டவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த 1994-ல், டிசம்பர் மாதம், அங்கே இருந்த பழைய மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் அருங்காட்சியகம் திறந்தது.

உள்ளே தரை முழுக்க அந்தக் குடியிருப்பின் தெரு வரைபடம். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பெயரை எழுதினார்கள். பழைய தெருப் பெயர்ப்பலகைகள் வரிசையாக மேலிருந்து தொங்குகின்றன. அவை பிழைத்த விதம் வியப்பானது. இடிப்பு வேலையை மேற்பார்த்த ஆளே அவற்றைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்திருந்தார். ஒரு நீளமான துணியில் வந்தவர்கள் எழுதியதை நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டுகிறவர்களில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. இந்த இடத்தில் ‘அரிய பொருள்’ என்று எதைச் சொல்வீர்கள்? தெருப்பலகை எல்லா ஊரிலும் இருக்கிறது. தெருவே இல்லாமல் போன பிறகு பலகை மட்டும் இருப்பதுதான் நம்மைப் பேச்சற்று நிற்க வைக்கிறது.

இதற்கு அடுத்தபடியாக, குரோஷியா நாட்டில் ஸாக்ரெப் நகரின் ‘முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம்’. ஒலிங்கா விஷ்டிட்சா, ட்ராஜன் க்ரூபிஷிச் என்ற இருவர் தங்கள் காதல் முறிந்தபோது, மிச்சமிருக்கும் பொருள்களை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தது. 2006-ல் ஊர் ஊராகப் போகும் கண்காட்சியாகத் தொடங்கி, 2010-ல் நிலையான இடம் பிடித்தது. உலகம் முழுவதிலிருந்தும் பெயர் தெரியாதவர்கள் பொருளையும் அதன் கதையையும் அனுப்புகிறார்கள். பெர்லினிலிருந்து வந்த ஒரு கோடாலி அங்கே பெயர் பெற்றது. விட்டுப்போனவரின் மரச்சாமான்களை வெட்டித் தள்ளிய கோடாலி அது. இங்கே விளக்கச் சீட்டைப் படிக்காமல் பார்த்தால் எதுவுமே இல்லை. சீட்டுதான் காட்சி, பொருள் அதற்குச் சாட்சி. மற்ற இடங்களில் முதலில் பொருள், பிறகு சீட்டு என்பேன். இங்கே மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்மைப் போலத் தமிழ் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் அறையும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில், ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அநாதை இல்லத்தின் மேல்மாடியில் ஒரு பழைய விந்தைப் பொருள் கூடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவதற்காக 1698-லிருந்து சேர்த்தது. 1741-க்குள் ஓவியம் தீட்டிய அலமாரிகளில் வகை பிரித்து அடுக்கிவிட்டார்கள், அந்த அலமாரிகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். அவர் தொடங்கிய மிஷனிலிருந்து போன பொருள்களும் அந்த அலமாரிகளில் இடம் பிடித்தன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலைக்கும் சங்குக்கும் பக்கத்தில், கடல் கடந்து வந்த பொருளாக நம்முடையதைப் பார்க்கும்போது ஒரு பெருமையும் கூடவே ஒரு சங்கடமும் வரும். யார் கண்ணுக்கு எது விந்தை என்பதை அந்த ஓர் அறையில் கற்றுக்கொள்ளலாம்.

அந்தச் சங்கடத்தைப் பற்றி நேராகப் பேசிவிடுகிறேன். பழைய சேகரிப்புகளில் கொள்ளையடித்ததும் உண்டு, இறந்தவர்களின் உடல் பாகங்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் மியூசியத்தில் பொருள்களை நாடு வாரியாக வைக்காமல் வகை வாரியாக வைத்திருப்பார்கள். ஒரு பெட்டி முழுக்கப் பூட்டு, இன்னொன்று முழுக்கப் புல்லாங்குழல். 1884-ல் தொடங்கிய இடம். கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழே இருக்கும் இழுப்பறைகளை நாமே திறந்து பார்க்கலாம், எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. அங்கே பல தலைமுறைகளாகக் கூட்டத்தை இழுத்தது தென்னமெரிக்காவின் சுருக்கிய மனிதத் தலைகள். 2020-ல் அவற்றை மற்ற மனித எச்சங்களோடு சேர்த்துப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு மக்களின் முன்னோரை வேடிக்கைப் பொருளாக்கி வைப்பதற்கு ‘எப்போதும் இருந்ததுதானே’ என்பது போதுமான நியாயம் இல்லை. இப்படிப்பட்ட பொருள் எதிரே வந்தால், இவர் இதற்குச் சம்மதித்தாரா, இது எப்படி இங்கே வந்தது என்று கேளுங்கள். நல்ல அருங்காட்சியகம் அதற்குச் சீட்டிலேயே பதில் வைத்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘மியூசியம்’ என்று பெயர்ப்பலகை மாட்ட யாரிடமும் பட்டம் வாங்க வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்களில் வண்ணப் பந்துகளும் கண்ணாடி அறைகளும் வைத்து, செல்ஃபி எடுப்பதற்காகவே நடத்தும் கூடங்கள் இருக்கின்றன. பொழுது போகும், அவ்வளவுதான். சித்திரவதைக் கருவிகள் என்று பயமுறுத்தும் கூடங்களில் பிற்காலத்தில் செய்து வைத்தவை மலிந்து கிடக்கும். எது அசல், எது நகல், எங்கிருந்து வந்தது என்று சீட்டில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் அங்கே நம்பிப் படிக்க எதுவும் இல்லை. நகல் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். ஐஸ்லாந்தின் ஹோல்மாவிக் ஊரில் இருக்கும் மாந்திரீக அருங்காட்சியகத்தில், இறந்தவனின் தோலால் ஆன காற்சட்டை என்ற பழங்கதைப் பொருளைச் செய்து வைத்திருக்கிறார்கள். அது நகல் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்க்க வந்தவர்கள், 17-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் சூனியக்காரர் என்று எரிக்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

உண்மையையும் கற்பனையையும் வேண்டுமென்றே கலந்து வைத்த இடமும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் டேவிட் வில்சன் 1988-ல் தொடங்கிய ‘ஜுராசிக் தொழில்நுட்ப அருங்காட்சியகம்’. சுவரைத் துளைத்துப் பறக்கும் வவ்வாலைப் பற்றி அங்கே மிகத் தீவிரமாக விளக்கியிருப்பார்கள், அது கற்பனை. ஊசியின் காதுக்குள் செதுக்கிய சிற்பங்களும் இருக்கும், அவை உண்மை. ஹகோப் சந்தல்ஜியன் என்ற இசைக்கலைஞர் செய்தவை. வெளியே வரும்போது, மற்ற மியூசியங்களில் சீட்டில் எழுதியதை எவ்வளவு எளிதாக நம்பிவிட்டோம் என்று தோன்றும். இதை முதல் மியூசியமாகப் பார்க்க வேண்டாம். பத்து இடம் பார்த்த பிறகு போங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். சின்ன இடங்கள் கிளம்பிப் போகும் நாளில் திறந்திருக்குமா என்பதுதான் முதல் சிக்கல். மெகுரோவில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடுமுறை. பல இடங்கள் தன்னார்வலர்களை நம்பி வாரத்தில் ஓரிரு நாள் சில மணி நேரம் மட்டும் திறக்கும். சாவி வைத்திருப்பவர் பக்கத்து வீட்டில் இருப்பார். இணையத்தில் போட்ட நேரத்தை நம்பாமல் முந்தைய நாள் ஒரு போன் செய்துவிடுங்கள். செய்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவர் தேடிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தாலே அவர்கள் காத்திருந்து சுற்றிக் காட்டுவார்கள்.

வாசலில் உட்கார்ந்திருப்பவரை நுழைவுச் சீட்டு கிழிக்கும் ஆளாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் அவரே காப்பாட்சியர், அவரே கணக்குப்பிள்ளை, அவரே தூசு தட்டுகிறவர். “முக்கியமானது எது?” என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்லும் பதிலைத்தான் சொல்வார். “உங்களுக்குப் பிடித்தது எது?” என்று கேளுங்கள், எழுந்து வந்துவிடுவார். “உள்ளே எடுத்து வைத்திருப்பதில் வெளியே வைக்க முடியாமல் போனது என்ன?” என்பது இன்னும் நல்ல கேள்வி. சேமிப்பில் இருப்பதுதான் எப்போதும் அதிகம் என்பதால், அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஆசையும் அதிகம். லண்டனில் கட்டடக்கலைஞர் ஜான் ஸோன் வாழ்ந்த வீடு இதற்கு நல்ல உதாரணம். மகனோடு இருந்த மனக்கசப்பில், வீடு அவன் கைக்குப் போகக்கூடாது என்று 1833-ல் நாடாளுமன்றச் சட்டமே வாங்கி, தான் விட்டுப்போகும் நிலையிலேயே அதை வைத்திருக்க ஏற்பாடு செய்தவர். 1837-ல் இறந்தார். அங்கே ஓவிய அறையின் சுவர்கள் கதவு போலத் திறக்கும், உள்ளே இன்னொரு சுவர் நிறைய ஓவியங்கள். பணியாளர் திறந்து காட்டினால்தான் உண்டு. அவசரமாகப் போகிறவர்கள் மூடிய சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் குறை சொல்ல வேண்டாம். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் எல்லாம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. கண் பழக இரண்டு நிமிடம் கொடுத்தால் போதும். ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சீட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்தபின் பொருளின் படம் மட்டும் இருந்தால் அது எது என்று தெரியாது. பழைய கட்டடம் என்பதால் லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு போனால் முழுவதையும் விளக்கப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு பென்சிலும் காகிதமும் கொடுத்து, பிடித்த ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். வரைவதற்கு உற்றுப் பார்த்தாக வேண்டும். பெரியவர்களுக்கும் இது உதவும், எனக்கு வரைய வராது என்றாலும் செய்கிறேன்.

எங்கே தேடுவது? வரைபடச் செயலியில் ‘மியூசியம்’ என்று போட்டால் பெரியவைதான் முதலில் வரும். மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறு கூடங்கள், பல்கலைக்கழகங்களின் தாவரவியல், நிலவியல் துறைச் சேகரிப்புகள், ரயில்வே பணிமனைகள், பழைய அச்சகங்கள், மூடிய தொழிற்சாலைகள், எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகள் இவற்றின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உள்ளூர் நூலகரைக் கேட்டால் இன்னும் நல்லது. பல துறைச் சேகரிப்புகளுக்கு வாசலில் பலகைகூட இருக்காது, கடிதம் எழுதி அனுமதி வாங்கினால் திறந்து காட்டுவார்கள். நியூயார்க்கில் ஒரு சந்தில், சரக்கு லிஃப்ட் இருந்த இடத்துக்குள் ஒரு மியூசியம் 2012 முதல் இருக்கிறது. மூடியிருக்கும்போதும் கதவிலிருக்கும் கண்ணாடி வழியே பார்க்கலாம். இவ்வளவு சின்ன இடத்தை எந்தச் சுற்றுலாப் பேருந்தும் காட்டாது.

கடைசியாக, வருகைப் பதிவேடு. பெரும்பாலானவர்கள் ‘அருமை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட இடங்கள் நன்கொடையிலும் சிறு மானியத்திலும் ஓடுபவை. யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று காட்ட அவர்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம் தேவைப்படும். எந்தப் பொருளின் முன் நின்றீர்கள், அது எதை நினைவுபடுத்தியது என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம், பெயர் தெரியாமல் வைத்திருக்கும் கருவி ஒன்றை நீங்கள் அடையாளம் கண்டுகொண்டால், உங்கள் பாட்டி அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார், எதற்கு வைத்திருந்தார் என்று வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். அடுத்த முறை போகும்போது அந்தப் பெயர் சீட்டில் ஏறியிருக்கக்கூடும்.